முப்பதாம் நாள் ரத்தம்

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்த கையோடு கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினார். நான் அசரவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"இவரு டியூட்டி எப்ப முடியுதோ, அது வரைக்கும் குடுங்க."

"இன்னும் மூணு ட்ரிப் இருக்கே!"

"இருக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது என் வேலை. வார்டில் என் பெயர் கொசு. நர்ஸுகள் வைத்த பெயர். கோபித்துப் பார்த்தேன், பலிக்கவில்லை, இப்போது போனில் நானே "கொசு பேசறேன்" என்கிறேன். நுரையீரல் காய்ச்சல் முற்றி வருகிறவர்களிடம் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று நான்கு முறை எடுக்க வேண்டும். முதல் மூன்றுக்குச் சிரமமில்லை, ஆள் படுக்கையில் இருப்பார். முப்பதாம் நாளுக்குள் சிலர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிழைத்தவர்களோ ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். இந்த டிரைவர் கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் ஒரு சிமென்ட் கடையுடையது; டெப்போவில் விசாரித்துத்தான் இவர் பஸ்ஸைப் பிடித்தேன். நான்கு முறையும் முழுதாகக் கொடுத்தவர்கள் இதுவரை முப்பத்தொன்பது பேர். நாற்பது சேராவிட்டால், பல நாட்டு ஜனங்களின் ரத்தத்தை ஒப்பிடும் ஆராய்ச்சியிலிருந்து எங்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். இன்று கடைசி நாள். பாக்கி இவர் ஒருவர்தான்.

முதல் ட்ரிப் முடிந்ததும் அவர் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தார். நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு வர்றீங்க? படுத்திருந்தப்ப உறிஞ்சினது பத்தாதா?"

"எழுந்து நடமாடுறவர் ரத்தம் வேணும்ணே."

"குடுத்தா எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் சிரித்தார். "வேலை முடிஞ்சதும் கறிவேப்பிலையா தூக்கிப் போட்டுடுவீங்க. அப்படித்தானே?"

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிடுறேன். அது உங்க உரிமை."

அவர் சொல்லவில்லை. அதனால் நானும் இறங்கவில்லை.

இரண்டாவது ட்ரிப்பில் பஸ் நிரம்பி வழிந்தது. பெட்டியில் இருப்பது மீனா என்று ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். நான் டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பங்களில் ஸ்டியரிங்கை வளைக்கும்போது இன்னும் வாயால்தான் மூச்சு வாங்கினார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கை நெஞ்சுக்குப் போனது. இந்த உடம்போடு அதற்குள் ஏன் வேலைக்கு வந்தார் என்று எனக்குக் கோபமாக இருந்தது. அவரை விரட்டிக்கொண்டு வந்திருக்கிற என் மேலும்தான். ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை.

மூன்றாவது ட்ரிப் முடிந்து எல்லோரும் இறங்கினார்கள். அவர் என்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து பெட்டுல ஒரு தம்பி இருந்தானே, ஏசி மெக்கானிக்கு."

"ஆமாண்ணே."

"எனக்கு அந்த ஊசி போட்டாங்க. அவனுக்குப் போடல. 'அண்ணே, உங்களுக்கு மட்டும் ஏன் போட்டாங்க'ன்னு எங்கிட்டயே கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? நாலாம் நாள் பெட்டு காலி."

 அவர்கள் இருவருடைய ரத்தப் பரிசோதனை எண்களையும் எழுதியவள் நான்தான். கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்புகிறது. சிலருக்கு அந்தப் படை வெறிபிடித்து நுரையீரலையே அடித்துப் போடுகிறது. அதை அடக்கத்தான் ஊசி. ரத்தத்தில் அந்த வெறியைக் காட்டும் எண் நூறைத் தாண்டினால் போடலாம். தாண்டாதவருக்குப் போட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். இவருக்கு நூற்றுப் பன்னிரண்டு. மெக்கானிக்குக்குத் தொண்ணூற்றாறு. நான் சரியாகத்தான் எழுதினேன். டாக்டரும் அட்டவணைப்படிதான் நடந்தார். யார் மேலும் தப்பில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

"போட்டிருந்தா பொழைச்சிருப்பானா?"

"தெரியாதுண்ணே. ரத்தத்துல நூறு தாண்டினாத்தான் ஊசிங்கிற கணக்கு எங்கேயோ இருக்கிறவங்க ரத்தத்தை வெச்சுப் போட்டது. எல்லா ஜனத்துக்கும் உடம்பு ஒரே மாதிரி எதிர்த்து நிக்கிறதில்லையாம். நம்ம ஆளுங்களுக்கு அது நூறா, தொண்ணூறா, எம்பதான்னு இதுவரைக்கும் யாரும் பாக்கல."

"அதுக்கு நான் எதுக்கு? எனக்குத்தான் சரியாயிடுச்சே."

"அடங்கின அப்புறம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு ஏறுச்சுன்னு சொல்ல முடியும். பொழைச்சவங்க யாரும் வரலன்னா செத்தவங்க ரத்தம் மட்டுந்தான் மிஞ்சும்ணே. அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

கண்டக்டர் கீழே நின்று கூப்பிட்டார். டிரைவர் சீட்டிலேயே என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வலது சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி, முழங்கைக்கு மேலே மடக்கி, கையை என் பக்கம் நீட்டினார்.

வார்டில் ஊசியைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறவர், இப்போது குழாயில் ரத்தம் ஏறுவதைக் கண் எடுக்காமல் பார்த்தார்.

"அவன் ரத்தம் இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணே. ஃப்ரீசர்ல."

"என்னோடதை அதுக்குப் பக்கத்துல வைங்க."

இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஆட்டோ பிடித்து ஓடினேன். ரத்தத்தை மெஷினில் சுழலவிட்டு, மேலே தெளிந்ததைச் சின்னக் குழாயில் எடுத்து, அவருடைய பதிவு எண்ணை இரண்டு முறை சரிபார்த்து ஒட்டினேன். ஃப்ரீசர் பெட்டியில் ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நான்கு குழி. இருவரும் ஒரே நாளில் வந்தவர்கள். நான் ஒன்றும் செய்யாமலே அடுத்தடுத்த வரிசைதான். டிரைவரின் நான்காவது குழியில் குழாயைச் செருகினேன். நாற்பது. அதற்கு மேலே மெக்கானிக்கின் வரிசையில் இரண்டு குழாய்கள் மட்டும் இருந்தன. மற்ற இரண்டு குழிகளிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கையுறை விரலை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாகச் சுத்தமாகத் துடைத்தேன்.