பட்டி போட்ட புல்வெளி

எழில் பிளானில் வரைந்திருந்த புல்வெளியில் முள் கிடையாது. கணபதி பகுதியில், பாலகோபாலின் பம்ப் தொழிற்சாலைக்கு முன்னால் விரிந்துகிடந்த புல்வெளியில் தாராளமாக இருந்தது. புல் பதித்துவிட்டுப் போன பிறகு பெய்த ஒரு மாத மழையில், கொரியன் புல்லுக்கு நடுவே சுண்டுவிரல் உயரத்துக்கு வெள்வேலங் கன்றுகள் முளைத்து நின்றன.

"ஏனுங்கப்பா, இது எப்படி வந்துச்சு?"

அப்பா அங்கப்பன் தலையைச் சொறிந்தார். "மண்ணு செத்துக் கெடந்துச்சு கண்ணு. புல்லு வெக்கறதுக்கு முன்னால, நீ மெட்ராஸ் போயிருந்தப்ப, அன்னூர்ல இருந்து ஆட்டைக் கொண்டாந்து எருவுக்குன்னு பத்து நாளு பட்டி போட்டுப்போட்டேன்."

எழிலுக்குப் புரிந்துவிட்டது. வேலங்காயைத் தின்ற ஆடுகள் புழுக்கையோடு விதையையும் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. ஐந்து வருடம் ஆர்கிடெக்சர் படித்தவளின் பிளானை அறுபது ஆடுகள் சேர்ந்து திருத்திவிட்டன.

அங்கப்பன் அடுத்தவர் காட்டில் இருபது வருடம் மண்வெட்டி பிடித்தவர். பிறகு பங்களாக்களில் செடி வைக்கப் போய், மகள் பெயரில் 'எழில் கார்டன்ஸ்' என்று ஒரு தகரப் பலகை மாட்டினார். தொண்ணூற்றைந்து தையில் எழில் படித்து முடித்து வந்ததும், அதே பலகையில் 'லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட்ஸ்' என்பதையும் இடம் போதாமல் நெருக்கி எழுதவைத்தார். கம்பெனி என்றால் அவர், மனைவி மாரியாத்தாள், எழில், அவ்வளவுதான். இந்தப் புல்வெளி பிடித்துப்போனால் அன்னூர் ரோட்டில் கட்டுகிற பத்து ஏக்கர் தொழிற்சாலையும் அவர்களுக்கே என்று பாலகோபால் சொல்லியிருந்தார். பத்து மணிக்குப் பார்க்க வருகிறார். இப்போது மணி ஏழு.

மாரியாத்தாள் களைக்கொத்தோடு உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங் ஆர்கிடெக்ட் அம்மணி, நின்னுட்டே இருந்தா ஆகுமுங்களா? செருப்பக் கழட்டிப்போட்டுக் குந்துங்க."

எழிலுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து வேரோடு பிடுங்கினார்கள். அங்கப்பன் தன் வரிசையை முடித்துவிட்டு, மகளின் வரிசையில் பாதியையும் எடுத்துக்கொண்டார். இந்த மனுஷனிடம் முழுசாகக் கோபப்படவும் முடிவதில்லை.

பாலகோபால் சொன்ன நேரத்துக்கு வந்தார். வந்தவர் ஷூவைக் கழற்றினார். "வெறுங்கால்ல நடந்து பாத்தாத்தானுங்க புல்லோட அருமை தெரியும்."

எழிலும் வெறுங்காலோடு கூடவே நடந்தாள். பாதி தூரத்தில், அவர் அடுத்த காலை வைக்கப்போகும் இடத்தில், ஒற்றைக் கன்று தப்பி நின்றது. எதையோ காட்டுவதுபோல் முந்திப்போய் அதன்மேல் தன் பாதத்தை வைத்தாள். சுருக்கென்று ஏறியது.

"மெத்தையாட்டம் இருக்குதுங்க. முள்ளுகிள்ளு ஒண்ணும் வராதுங்களே?"

"வராதுங்க சார். வந்தா நாங்க இருக்கமுங்க" என்றாள் எழில்.

பின்னாலேயே வந்த அங்கப்பன் மகளின் காலைப் பார்த்தார். உடனே, "ஏனுங், அந்த மூலையில ஒரு மகிழமரம் வெக்கலாமுங்களா?" என்று பாலகோபாலை மறுபக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

எழில் காலை எடுக்காமல் நின்றாள். மாரியாத்தாள் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைச் சத்தமில்லாமல் கழற்றியபடி, புல்லின்மேல் அவளை நோக்கி நடந்துவந்தாள்.