சிங்கப்பூர் கோர்ட்டுக்குப் போகும் கடிதம்

“பதினாலு வயசுலயே டிராக்டர் ஓட்டுவான்னு எழுதுறதுல இன்னா தப்பு கீது? உள்ளத உள்ளபடி—”

“அடிச்சுடு. மொதல்ல அந்த வரிய அடிச்சுடு. பதினாலு வயசுல லைசென்ஸ் ஏதுன்னு ஜட்ஜு—”

“பேசிகினு இருக்கேன்ல, முழுசா கேளு. டிரைவிங்கு புள்ளைக்கு ரத்தத்துலயே ஊறினதுன்னு—”

“ரத்தத்துல இன்னா ஊறிகினு இருந்துச்சுன்னு ஊத வெச்சே பாத்துட்டாங்கய்யா. அதுக்குத்தான் கேஸே” என்றாள் மனைவி ஜெயக்கொடி.

ஜெயவேலு பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். கீழே அவருடைய கடையில் கம்பி இறக்கும் சத்தம் மாடிவரை கேட்டது. பெருங்களத்தூரில் முளைத்த அடுக்குமாடிகளில் பாதிக்கு அவர் கடைக் கம்பியும் சிமெண்டும்தான் போயிருக்கின்றன. எந்தக் கட்டடக்காரரிடமும் குரல் தாழ்த்தாதவர், மூன்று வாரமாக வீட்டில் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இன்றுதான் பழைய குரல்.

மகன் ஹரிபிரசாத் சிங்கப்பூரில் கட்டட இன்ஜினியர். மூன்று வாரத்துக்கு முன் நண்பன் பிறந்தநாளில் குடித்துவிட்டு, கம்பெனி வேனைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பி, சாலைத் தடுப்பில் மோதினான். யாருக்கும் அடியில்லை. போலீஸ் வந்து ஊதச் சொன்னது. அளவு மீறியிருந்தது. அவன் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டான். திங்கட்கிழமை தீர்ப்பு.

வக்கீல் போனில் விவரமாகச் சொல்லியிருந்தார். முதல் தடவை என்றாலும் லைசென்ஸ் குறைந்தது இரண்டு வருடத்துக்குக் கிடையாது, அப்புறம் மறுபடி எல்லாப் பரீட்சையும் எழுதித்தான் வாங்க வேண்டும். அதற்கு மேல் அபராதமா, ஒரு வருடம்வரை போகக்கூடிய சிறையா, இரண்டுமா என்பது நீதிபதி கையில். பையன் எப்படிப்பட்டவன் என்று பெற்றவர்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதினால் அதையும் கோர்ட்டில் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்வார்கள். இன்று அங்கே மணி ஐந்துக்குள் வர வேண்டும். அதாவது இங்கே இரண்டரைக்குள்.

கடிதம் எழுதுவது ஜெயவேலுவுக்குப் புதிதில்லை. பட்டா, கால்வாய், தெருவிளக்கு என்று இருபது வருடமாகத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதியவர். அந்தக் கை, ‘அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை’ என்று தானாகவே ஓடியிருந்தது. கூடவே இரண்டு தாள்களைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்.

ஜெயக்கொடி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது இன்னாது?”

“லெட்டர் பேடு. ஒண்ணு வியாபாரிங்க சங்கத் தலைவர் குப்பன் குடுத்தது. இன்னொண்ணு கவுன்சிலருது. நல்ல குடும்பத்துப் புள்ளைன்னு எழுதி வாங்கிகினு வந்தேன்.”

“சிங்கப்பூர் ஜட்ஜுக்கு நம்ம கவுன்சிலர் யாருன்னு தெரியுமா?”

“சீல் கீதுல்ல.”

“சீலப் பாத்துட்டு எழுந்து நின்னுருவாரு.”

“நீ சிரி. இது இல்லாம எந்த மனுவாவது மேசை வுட்டு மேசை நகர்ந்து பாத்திருக்கியா நீ?”

“அது இங்க. கொண்டா, மிச்சத்தப் படிக்கிறேன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படிப்பு, வேலை, மாசாமாசம் தவறாத போன், தங்கை ஜெயஸ்ரீ கல்யாணத்தில் ஓடியாடி உழைத்தது எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

“‘எங்கள் குடும்பத்தில் யாரும் மதுவைத் தொட்டது கிடையாது.’ இத எழுதினது யாரு?”

“எல்லாரும் இப்டித்தான் எழுதுவாங்க.”

“உன்னக் கேக்குறேன்.”

“நான் வுட்டு பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஜெயா.”

“வுட்டத நானும் இல்லேங்கல. வுடறதுக்கு முன்னாடி?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

“ஊரப்பாக்கத்துல மனை வாங்கி விக்கும்போதெல்லாம் இன்னா செய்வ? புள்ளை கை ராசியான கைன்னு ஸ்கூலுக்கு லீவு போட வெச்சு இட்டுகினு போவ. தாம்பூலத் தட்ட அவன் கையாலதான் குடுக்கணும். ஆறு வயசு அதுக்கு. பத்திரம் முடிஞ்சா உங்களுக்கெல்லாம் பார்ட்டி, புள்ளைக்குப் பரோட்டா. அப்புறம் குடிச்ச கோலத்துல அத ஸ்கூட்டர் முன்னாடி நிக்க வெச்சு ஓட்டிகினு வருவ.”

“ஒரு நாள் கீழ போட்டிருப்பேனா?”

“இதையேதான் அன்னிக்கும் சொன்னே. நான் வாசக் கேட்டாண்டயே நின்னுகினு இருப்பேன். இன்னாய்யா இதுன்னு கேட்டா, புள்ளையத் தூக்கித் திருப்பித் திருப்பிக் காட்டுவ. ஒரு கீறல் உண்டா, ஜெயவேலு வண்டி தானா வூட்டுக்கு வந்துரும்னு. எல்லாரும் சிரிப்பாங்க. புள்ளையும் சிரிக்கும்.” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “நானுந்தான் சிரிச்சேன். உன்ன மட்டும் சொல்ல வரல.”

ஜெயவேலு குண்டூசியைப் பிடுங்கி லெட்டர் பேடு இரண்டையும் எடுத்துத் தனியே வைத்தார். நோட்டிலிருந்து புதுத் தாள் ஒன்றைக் கிழித்தார்.

“பொருள், பார்வை எல்லாம் வேணாம்ல?”

“வேணாம். சும்மா எழுது. எதிர்ல குந்திகினு பேசற மாதிரி.”

அவள் டீ போட்டுக்கொண்டு வந்தபோது முக்கால் பக்கம் ஓடியிருந்தது. டீ ஆடை கட்டும்வரை அவர் அதைத் தொடவில்லை. மணி இரண்டு அடித்ததும் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஹரி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்ப்பா. லெட்டர் ரெடியா? வக்கீல் கேட்டுட்டே இருக்காரு.”

“படிக்கிறேன், கேளு. அம்மாவும் கீது.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்து எழுத்தாகப் படித்தார்.

‘ஐயா, என் மகன் செய்தது தவறு. யாரும் சாகவில்லை என்பது அவன் சாமர்த்தியம் இல்லை, அவனுடைய நல்ல நேரம். போலீஸ் கேட்டதும் அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாத பிள்ளைதான் அவன். ஐயா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் குடித்துவிட்டு அவனை வண்டியில் வைத்து ஓட்டியிருக்கிறேன். பல தடவை. அது தப்பென்று நானும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. இப்போது நான் குடிப்பதில்லை.’



“ஹரி, லைன்ல கீறியா?”

“இருக்கேன். அந்த வரி வேணாம்ப்பா.”

“எது?”

“உன்னப் பத்தினது. அடுத்தவங்க மேல பழி போடற மாதிரி எதுவும் வரக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிருக்காரு. ஓட்டினது நான்தானே. முப்பது வயசு ஆகப்போகுது எனக்கு.”

“உம்மேல இருக்கிறது உம்மேலதாண்டா. அத நான் எடுத்துக்க முடியுமா? இது எம்மேல இருக்கிறது. எழுதச் சொன்னாங்க, எழுதறேன்.”

“கோர்ட்டுல படிப்பாங்கப்பா.”

“படிக்கட்டும்.”

ஜெயக்கொடி போன் பக்கம் குனிந்தாள். “ஜெயிலுன்னு சொல்லிட்டா இன்னாடா பண்ணுவ, கண்ணு?”

“போய்ட்டு வரணும்மா. வேலையும் போகும். ஊருக்குத்தான் வரணும்.”

“வா. வூடு எங்கயும் போவாது.”

“அம்மா, அழாதே.”

“அழுவல. சொல்றேன், அவ்ளோதான்.”

“சரி, அந்த வரியோடயே அனுப்பு” என்றான் ஹரி. ஜெயக்கொடி தன்னுடைய போனை எடுத்தாள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல் தள்ளி நின்று, இரண்டு தரம் படம் எடுத்து அனுப்பினாள்.

“வந்துடுச்சும்மா. வக்கீலுக்குப் போட்டுடறேன்.” அவன் போனை வைக்கவில்லை. “அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காத.”

“சொல்லு.”

“அன்னிக்கு வேன்ல ஏறினப்ப பார்ட்டிக்கு வந்த ஒருத்தன் சாவியப் பிடுங்கப் பாத்தான். டாக்சில போலாம்னான். எங்கப்பா குடிச்சிட்டு எத்தன வாட்டி ஓட்டிட்டு வந்திருக்காரு, ஒண்ணும் ஆனதில்லடான்னு சொன்னேன். நெஜமாவே அப்டித்தான் நெனச்சேன். இடிச்சப்புறம் ரோட்டோரம் உக்காந்திருந்தேனே, அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணும் ஆகாம வந்தது தானா இல்ல. பெருங்களத்தூர் ஜங்ஷன் வந்தாலே நான் கத்திகினே வருவேன். லாரிப்பா, லாரிப்பான்னு. நான் கத்தினாதான் நீ பிரேக் போடுவ.”

“எனக்கு ஞாபகம் இல்லியேடா.”

“உனக்கு இருக்காதுப்பா.” அவன் லேசாகச் சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. “ஹாண்டில்ல உன் கைய கெட்டியாப் புடிச்சிகினு நிப்பேன்.”

ஜெயக்கொடி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். ஜெயவேலு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

“அப்பல்லாம் உனக்கு ரொம்ப பயமா இருக்குமா, கண்ணு?”