எட்டு டிராக்கும் இரண்டு பல்லும்

"நானூறு எஃபெக்ட் இருக்கு அண்ணி இதுல! குகைக்குள்ள ஊதுற மாதிரி, மலை உச்சியில..."

"குகையும் வேணாம், மலையும் வேணாம். சிவப்பு பட்டன் எங்கடா இருக்கு? அதைக் காட்டு முதல்ல."

"முழுசாச் சொல்ல விடுங்களேன். தண்ணிக்கு அடியில ஊதுற மாதிரிகூட..."

"உங்க அப்பா எதுக்குடா தண்ணிக்கு அடியில போய் ஊதணும்? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அவருக்குப் பல்லு பிடுங்கப் போறாங்க. முங்குறதுக்கு நேரமில்லை."

மூத்த மருமகளும் கொழுந்தனும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு, எந்த சாஃப்ட்வேரில் பாட்டைப் பதிவு செய்வது என்று ஒரு மணி நேரமாக இப்படித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் மதியம் மூன்றைத் தாண்டியிருந்தது. மாமனாரின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. கிளாரினெட் ஊதுகிறவருக்கு அந்த இரண்டு பல்தான் கடிவாளம். குழலின் முனையை அவைதான் கவ்விப் பிடிக்கவேண்டும். கட்டுப்பல் வந்த பிறகு பழைய சத்தம் வருமா என்று கேட்டதற்குப் பல் டாக்டர், "பேச்சு தெளிவா வரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆகவே சொந்தப் பல்லோடு ஊதுவது இன்றைக்கோடு சரி. அதுவும் தனித்தனி டிராக்காகப் பதிவாகவேண்டும். இதுவரை போனில் பதிவு செய்ததிலெல்லாம் மூத்த மகனின் டிரம்ஸ்தான் இடியாய் இடித்தது. அதற்குமேல் மாமியார் கீபோர்டு வாசித்துக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவதும் கேட்டது. முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு நடத்தியவர், எண்ணாமல் அவருக்குக் கை ஓடாது. இந்தக் கூட்டத்தில் கிளாரினெட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அதனால் வீட்டையே பங்கு போட்டிருந்தார்கள். டிரம்ஸ் குளியலறையில், சுவரெல்லாம் துண்டும் போர்வையும் தொங்க. கீபோர்டு சமையலறையில். கொழுந்தனின் கிடார் கூடத்து மூலையில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். மாமனார் படுக்கையறையில், எதிரொலி அடங்கட்டும் என்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு புடவைகளைப் பார்த்தபடி. டிரம்ஸுக்கு ஐந்து, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என எட்டு மைக்கின் வயரும் மேசையில் ஒரு பெட்டிக்கு வந்து சேர, அதிலிருந்து எல்லார் காதுக்கும் ஹெட்போன் போயிற்று.

"உங்க சாஃப்ட்வேரைப் பாருங்க" என்றான் கொழுந்தன். கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், அழகு முக்கியம் அவனுக்கு. "எட்டுக் கோடு, ஒரு சிவப்புப் புள்ளி. ஆஸ்பத்திரி டோக்கன் பலகை மாதிரி இருக்கு."

"அதுல என்ன குறை? பார்த்ததும் புரியுதுல்ல?"

"என்னோடது ராக்கெட் அண்ணி!"

"எல்லாம் ஓடுறப்போ நல்லாத்தான் ஓடும். நின்னா என்ன ஆகும்னு சொல்லு."

அது அவள் வேலையிடத்துப் பேச்சு. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுப்பவள் அவள். புதுக் கருவி எது வந்தாலும் அங்கே முதல் காரியம், ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குவது. மறுபடி செருகும்போது என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் அந்தக் கருவியின் யோக்கியதை. இந்த மடிக்கணினிக்கோ பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. வயர் இருக்கும்வரைதான் உயிர்.

"சரி, ரெண்டையும் பிடுங்கிப் பார்ப்போம், பந்தயம்!" என்றான் கொழுந்தன். "என்னோடதுல முதல்ல."

ராக்கெட் கிளம்பியது. "மாமா, சும்மா ஏதாவது ஊதுங்க" என்று அவள் பெட்டியின் மைக்கில் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையில் யாரும் வயரிடம் அனுமதி கேட்பதில்லை.

அவர் ஊதத் தொடங்கினார். அவள் ஹெட்போனைக்கூட மாட்டவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக இரண்டாவது நிமிடம், வெடுக்கென்று பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது. மைக் பெட்டிக்குத் தனி கரண்ட் வயர் என்பதால் ஊதுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு ஊதி முடித்தார். அவள் செருகினாள், ராக்கெட்டை மறுபடி திறந்தாள். நானூறு எஃபெக்ட்டும் பத்திரமாக இருந்தன. பாட்டைத்தான் காணோம்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் சேவ் ஆகுமாம்" என்று கொழுந்தன் திரையைப் பார்த்து முனகினான்.

அப்போது படுக்கையறையிலிருந்து மாமனாரின் குரல் துள்ளி வந்தது. "கேட்டீங்களா எல்லாரும்? அந்த உச்சி ஸ்வரம்! எத்தனையோ வருஷமா நழுவிக்கிட்டே இருந்தது, இன்னிக்கு வந்து உட்கார்ந்துடுச்சு பாருங்க! பதிவாயிடுச்சுல்ல?"

அவள் கொழுந்தன் பக்கம் குனிந்தாள்.

"நீ சொல்லு" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"நான் ஏன் சொல்லணும்? பிடுங்கினது நீங்க."

"தொலைச்சது உன் ராக்கெட்டுடா."

"அப்பாகிட்ட போச்சுன்னு சொன்னா அப்புறம் அவர் ஊதவே மாட்டார் அண்ணி. பதிவாச்சுன்னே சொல்லிடுவோம்."

"நாளைக்குப் பல்லும் போயிடும். அப்புறம் எதைப் போட்டுக் காட்டுவே, தண்ணிக்கு அடியில ஊதினதையா?"

கொழுந்தனின் கிடார் மைக் அவர்களுக்கு ஒரு முழத் தூரத்தில் நிமிர்ந்து நின்றது. குளியலறையில் கணவனுக்கும், சமையலறையில் மாமியாருக்கும், புடவைகளுக்கு நடுவே மாமனாருக்கும், ஒவ்வொரு கிசுகிசுப்பும் காதோடு காதாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" என்றது குளியலறையிலிருந்து கணவனின் குரல். "எங்களுக்கெல்லாம் நல்லாக் கேட்குது."

மாமனார் கிளாரினெட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"பிளக்கைப் பிடுங்கினது யாரும்மா?"

"நான்தான் மாமா."

"எதுக்கு?"

"நீங்க ஊதுறப்போ கரண்ட் போனா என்ன ஆகும்னு பார்க்க."

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மாமா."

அவர் அவளையே பார்த்தார். எத்தனையோ பேருடைய பதற்றத்தைத் தினம் காதில் வாங்கியும் குரல் நடுங்காதவள், இப்போது மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மாமனாரின் மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தாள். பிறகு பார்த்தால், மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் ஆடும் பல்லைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"சிரிக்க வைக்காதேம்மா, பல்லு இப்பவே விழுந்துடும். உன்னோட அந்த டோக்கன் பலகை இருக்கே, அதையும் பிடுங்கிப் பார்த்துடு. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை எல்லாரும் எவ்வளவு கேவலமா வாசிக்க முடியுமோ அவ்வளவு கேவலமா வாசிக்கணும். போனாலும் வயிறு எரியக் கூடாது."

"நான் எப்படிப்பா கேவலமா வாசிக்கிறது?" என்றான் கொழுந்தன். "பழகின கை."

"நீ எப்பவும் போல வாசிடா, அது போதும்" என்றார் சமையலறையிலிருந்து மாமியார்.

சிவப்புப் புள்ளியை அமுக்கினாள். அடுத்த இரண்டு நிமிடம் அந்த வீட்டில் நடந்ததைச் சங்கீதம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குளியலறையில் வாளி உருண்டது. மாமியார் நாலு, மூணு, ரெண்டு என்று தலைகீழாக எண்ணினார். கிளாரினெட் வாத்து போலக் கத்தியது, நடுவில் தும்மியது. கொழுந்தன் அடக்க முடியாமல் கிடாரின் மேலேயே கவிழ்ந்து குலுங்கினான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்ட, கடிகாரமே தெரியவில்லை. குத்துமதிப்பாகப் பிடுங்கினாள்.

செருகினாள். திறந்தாள். எல்லாரும் வயர்களைத் தாண்டிக் குதித்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் முண்டினார்கள்.

எட்டுக் கோடும் இருந்தன. கடைசி வாத்தின் பாதிக் கத்தல்வரை, பிடுங்கிய நொடிவரை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"வாளிகூட இருக்கு!" என்று கணவன் கூவினான். "ஏய், என் வாளி தனி டிராக்கில இருக்கு!"

கொழுந்தன் இரண்டு கையையும் கூப்பினான். "டோக்கன் பலகையே, மன்னிச்சிடு."

"போதும் கும்பிட்டது. எல்லாரும் இடத்துக்குப் போங்க. மாமாவோட பல்லு காத்திருக்காது" என்று அவள் விரட்டினாள்.

இப்போது அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு கை பிளக்கை அழுத்திப் பிடித்திருந்தது, யாரோ பிடுங்க வருவதுபோல. பாட்டு நிதானமாக நடந்தது. குளியலறை ஒரு இடத்தில் முந்தியது, கிடார் ஒரு இடத்தில் தடுமாறியது. அதெல்லாம் பிறகு தனியாக வாசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அவள் கண் கிளாரினெட்டின் ஆறாவது கோட்டில்தான் இருந்தது. உச்சி ஸ்வரம் நெருங்க நெருங்க அந்தக் கோடு மெலிந்து நூலாயிற்று. அறுந்துவிட்டது என்றே நினைத்தாள். அறுந்த இடத்திலிருந்து அது மேலே எழுந்தது. வந்து உட்கார்ந்தது. அவர் விட்ட மூச்சுகூடப் பதிவாயிற்று.

ஒவ்வொருவராக, வயரை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து, மேசைக்கு வந்தார்கள்.

"இருக்கா?" என்றார் மாமனார். உதட்டை ஒரு விரலால் தாங்கியிருந்தார்.

"இருக்கு மாமா. எல்லாத்தையும் போடவா?"

"உன் மாமனாரோடதை மட்டும் போடும்மா" என்றார் மாமியார். "மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே."

அவள் ஏழு கோடுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். டிரம்ஸ் போயிற்று, கிடார் போயிற்று, எண்ணிக்கை போயிற்று. கிளாரினெட் மட்டும், ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல, கூடத்தில் நடந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. உச்சி ஸ்வரம் வந்தபோது மாமியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எண்ணுவதற்கென்று விரித்த விரல்கள் மடங்காமல் அப்படியே மடியில் கிடந்தன. பாட்டு முடிந்தது. அவர் தன் கணவரை, சண்டைக்கு இழுப்பதுபோல, ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க இப்படி ஊதுவீங்கன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என்கிட்ட சொன்னீங்களா?"