தீவுக்குப் போன பெயர்

தீவுக்காரர்களின் வலைப்பக்கத்தில் அவள் தன் கால்சைனை, உரிமத்தோடு வந்த ரேடியோப் பெயரை, மறுபடியும் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் அதே பதில்தான். இப்படி ஒரு நிலையம் எங்கள் லாகில் இல்லை.

அதெப்படி இல்லாமல் போகும்? காலையில்தானே பேசினாள். பேசினாள் என்றால் வாயால் இல்லை. பொழுதுபோக்காக ஹாம் ரேடியோவில் பேசுகிறவர்களில் இப்போது பாதிப் பேர் இப்படித்தான். கம்ப்யூட்டர் கால் நிமிஷம் கூப்பிடும், கால் நிமிஷம் காது கொடுக்கும். நம் கால்சைன் அந்தப் பக்கம் விழுந்தால் சிக்னல் எவ்வளவு என்று ஓர் எண் வரும். நாமும் ஓர் எண் அனுப்பினால் முடிந்தது, லாக் என்கிற பதிவேட்டில் சாஃப்ட்வேர் அதைத் தானே எழுதிக்கொள்ளும். மனுஷ வாடையே இல்லாத அந்தத் தீவுக்கு நாலைந்து பேர் ரேடியோவில் உலகத்தோடு பேசவென்றே கப்பலில் போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று பொழுது சாய்ந்ததும் மூட்டை கட்டுகிறார்கள். இனி எவர் எந்தக் காலத்தில் அங்கே போவார்களோ.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ரேடியோ கிளப்பில் அவருக்கு லிஃப்ட் என்றே பெயர். வாரம் முழுக்க வேலை விட்டு வந்து, கிரீஸ் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தீவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் மசியவில்லை. நேற்று ராத்திரி, "அவனுங்க எல்லாம் செவிட்டுப் பயலுங்க" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் இன்று விடுமுறை. துணி காயப்போட்டுவிட்டு, சும்மா பார்ப்போமே என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தீவு அவளுக்குப் பதில் போட்டது. வீட்டில் சொல்வதற்கு ஆள் இல்லை. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, லாகில் அந்த ஒற்றை வரியை நின்றபடியே பார்த்தாள். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் சொன்னபோது, "அட, பரவாயில்லையே" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கொஞ்சம் முகம் வாடத்தான் செய்தது. வாடட்டும் என்று இவளும் உள்ளுக்குள் ரசித்தாள்.

கிளப்பில் அவளை யாரும் ஆளாக மதித்ததில்லை. புருஷனோடு ஒரே நாளில் பரீட்சை எழுதி, ஒரே நாளில் உரிமம் வாங்கியவள். இரண்டு பேர் கால்சைனும் அடுத்தடுத்து, கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. அப்படியிருந்தும் அவள் ரேடியோவில் எந்த ஊரைப் பிடித்தாலும், "லிஃப்ட் செட் பண்ணிக் குடுத்திருப்பாரு" என்பார்கள். இந்தத் தீவு அந்த வாய்களுக்குப் போடவேண்டிய பூட்டு.

அவள் வலைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, சாயங்காலம் வேலை விட்டு வந்திருந்த அவருக்கு போன் வந்தது. கிளப் செயலாளர். அந்த மனுஷருக்கு போன் எதற்கென்றே தெரியாது, அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல்.

"ஏப்பா லிஃப்ட், சத்தமில்லாம அமுக்கிட்டியே. தீவு லாகுல உன் கால்சைனு இருக்குதாம்ல. நம்ம கிளப்புலேயே நீ ஒருத்தன்தான்யா."

அவர் திரும்பி இவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமாண்ணே... ஏதோ அமைஞ்சுது" என்றார்.

அவள் உடனே சாஃப்ட்வேர் செட்டிங்ஸைத் திறந்தாள். கால்சைன் என்ற கட்டத்தில் அவருடையது. யார் எழுந்தாலும் அடுத்தவர் பெயருக்கு மாற்றிவைத்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது இருவரும் பேசி வைத்த ஏற்பாடு. நேற்று கோபத்தில் எழுந்தவர் மாற்றவில்லை. காலையில் அவள் தீவின் பெயரையே முழுங்குவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, தன் பெயரைப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேருக்கு ஆள் தெரியுமா? கட்டத்தில் இருந்ததை அனுப்பிவிட்டது.

போனை வைத்ததும் கேட்டாள். "மாத்தாமத்தான் எந்திரிச்சீங்களா?"

"மறந்துட்டேம்மா. நீயும் உக்கார்றப்போ ஒரு பார்வை பாத்திருக்கலாம்ல?"

"ஓ, தப்பு என்னோடதா."

"அப்படிச் சொல்லல. மெயில் போட்டா அவங்க மாத்திக் குடுப்பாங்க."

"எப்படி மாத்துவாங்க? அவங்க காதுல விழுந்தது உங்க பேரு. அதை அடிச்சுட்டு எம் பேரை எழுதுவாங்களா?"

"சரி விடு. ஒரே வீடு, ஒரே ஆன்டெனா. யாருக்குக் கெடைச்சா என்ன."

"அப்ப போன வருஷம் நடுக்கடல்ல இருந்த கப்பல்காரன் ரேடியோவுல கெடைச்சப்போ கேக்குல உங்க பேரை மட்டும் எழுதி வெட்டுனீங்களே. அப்ப இந்த ஒரே வீடு எங்க போச்சு?"

அவர் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தார்.

"சாஃப்ட்வேரைக்கூட மன்னிச்சிருவேன், அது மெஷினு. நீங்க ஆமாண்ணேன்னு சொன்னீங்க பாருங்க."

"அந்தாளு திடுதிப்புனு கேட்டாருல்ல. சட்டுனு வாய்ல வந்துருச்சு."

"இப்பச் சட்டுனு திருப்பிப் போட்டுச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? சிரிக்கமாட்டானுங்களா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டத்தில் இருந்த அவர் பெயரை அழித்தாள். பொத்தானை வேண்டியதைவிட அதிகமாகவே அழுத்தியதில் கட்டம் வெறுமையாகக் கிடந்து, சாஃப்ட்வேர் கால்சைன் எங்கே என்று சிவப்பில் கேட்டது. தன்னுடையதை எழுத்து எழுத்தாகத் தட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சரிபார்த்தாள். தீவின் சிக்னல் இன்னும் இருந்தது. காலையில் திரையில் தடித்திருந்த சிக்னல் கோடு இப்போது நூலாகிவிட்டது. இத்தனை தூரத்துக்கு இந்நேரத்தில் அலை போய்ச் சேருவது லேசு இல்லை, அவளுக்குத் தெரியும். கூப்பிட்டாள். பதில் வேறு யாருக்கோ போனது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் வேறு யாருக்கோ.

"விட்டுரும்மா, அது போயிருச்சு" என்றார் பின்னாலிருந்து. அதற்குமேல் கேட்க வேண்டாமென்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். காது நிறைய இரைச்சல்.

அவர் பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். செயலாளர் எண்ணாகத்தான் இருக்கும், தேடினார், காதில் வைத்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவர் முதுகுதான் தெரிந்தது. பிடரியைச் சொறிந்தார். கையை விரித்து எதையோ விளக்கினார். தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா, செருமலா, தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றினாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது.

திரையில் அவள் கூப்பிடும் கால் நிமிஷம் வந்தது. தீவின் பெயர், அதன் பக்கத்தில் அவள் பெயர், சிவப்பு எழுத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தது.