கருமுகில் கோட்டை பற்றி நிலாக்குதிரையின் அபிப்பிராயம்

‘கருமுகில் கோட்டை’ இணைய விளையாட்டு வெளியான அன்று நான் வரிசையில் நின்றேன். நின்றேன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான். உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று திரையில் ஓர் எண் வந்தது. யாருடைய தொலைபேசி எண்ணோ என்று நினைத்தேன், அவ்வளவு நீளம். அது குறைவதற்குள் ராம்யன் நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன், போய் முடி வெட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே விட்டபோது வெட்டிய முடி பழையபடி வளர்ந்திருந்தது.

விளையாடியவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. முதல் நாளே அது நிரம்பி வழிந்தது. எல்லாக் கதாநாயகிகளுக்கும் ஒரே முகம் என்று ஒருவர் எழுதினார். வீரனைவிட அவன் குதிரைக்கு அறிவு அதிகம் என்றார் இன்னொருவர். பாதிப் பேர், இன்றோடு இந்தக் குப்பையை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அன்று மாலையே உள்ளே ஓநாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கெப்படித் தெரியும் என்றால், நானும் பக்கத்தில் நின்று ஓநாய் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடித்தேன் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். இந்த விளையாட்டில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் ஆள் தானாகவே போய் வேட்டையாடுவான், தானாகவே மருந்து குடிப்பான். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையில் காலமெல்லாம் முள் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஆசையோடு தேடிக் கண்டுபிடித்த பொழுதுபோக்கும் அதே வேலை. ஒரே வித்தியாசம், அங்கே நான் தூங்கினால் எங்கள் புப்யோங் வட்டாரம் முழுக்க இருட்டாகும். இங்கே தூங்கினால் ஓநாய் என்னைச் சாப்பிடும். பலமுறை சாப்பிட்டது.

தனியாகச் செத்துக்கொண்டிருந்தது போதும் என்று ஒரு குழுவில் சேரப் போனேன். குழுவின் பெயர் ‘சுடுசோறு’. தலைவரின் பெயர் இரும்புக்கொப்பரை. நம் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் பெயருக்கு முன்னால் வயதுதான் வரும். யார் அண்ணன், யார் தம்பி என்று முடிவாகாமல் வாயிலிருந்து வினைச்சொல்லே புறப்படாது. இரும்புக்கொப்பரையும் அதைத்தான் கேட்டார்: வயசு என்ன?

உண்மையைச் சொல்லியிருந்தால் நடந்திருக்கக்கூடியது எனக்குத் தெரியும். ஐயா என்பார்கள். நலமா என்பார்கள். பிறகு யாரும் எதுவும் பேசமாட்டார்கள். நான் நுழைந்ததும் அமைதியாகிற அறைகளை வேலையில் இருந்தபோதே நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் இருபத்தாறு என்று அடித்தேன். இரண்டாவது இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் நேர்மை இருந்தது. என் உண்மையான வயது அறுபத்தாறு. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெயர் நிலாக்குதிரை, தொழில் வைத்தியர்.

தலைவர் தனக்கு முப்பத்திரண்டு என்றார். அந்த நொடியிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்கு டேய்.

எப்படிப்பட்ட அண்ணன் என்கிறீர்கள். குழுவில் நாற்பது பேர் கத்திக்கொண்டிருப்பார்கள், அவர் ஒரு வரி எழுதினால் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம்கூடக் கேட்கும். தாக்குதலுக்கு முன்னால் எப்போதும், சோறு ஆறுறதுக்குள்ள முடிக்கணும் என்பார். மருந்து போடுவதில் நான் ஒரு மூச்சு தாமதித்தால், “டேய் நிலாக்குதிரை, உன் கைக்கு என்ன வாதமா?” என்று வரும். உண்மையிலேயே வாதம்தான், மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். அதை எழுத முடியுமா? தப்புதான் அண்ணே என்று எழுதிவிட்டு, இவ்வளவு வருடங்களுக்குப் பிறகு என்னைத் திட்டவும் ஓர் ஆள் கிடைத்ததே என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் சேரினுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஜின்-உ தங்கமான பையன். ஒரே குறை, தெற்கே தோங்யோங்கில் பிறந்துவிட்டான். அவன் வீட்டார் கல்யாணத்தைத் தோங்யோங்கில்தான் வைக்கவேண்டும் என்கிறார்கள். நான் எங்கள் ஊரான இன்சோனில் என்கிறேன். எந்த ஊரில் மண்டபமோ, அந்த ஊருக்கு மற்ற ஊர்க்காரர்கள் பேருந்து பிடித்து விடியற்காலையில் கிளம்பியாக வேண்டும். என் பழைய சகாக்களை அத்தனை மணி நேரம் பேருந்தில் உட்கார வைத்தால், இறக்கும்போது மடித்த நாற்காலி மாதிரிதான் இறக்கவேண்டும்.

இரு வீட்டாரும் முதல்முதலாகச் சந்திக்கும் விருந்து ஒரு சனிக்கிழமை மதியம் என்று முடிவானது. முந்தின வாரம் சேரின் என்னைச் சமையலறையில் மடக்கினாள்.

“அப்பா, நீங்களும் அந்த வீட்டு அம்மாவும் மண்டபத்தை வச்சு அங்கேயும் முறைச்சுக்கிட்டீங்கன்னா, நானும் அவரும் மாவட்ட அலுவலகத்துல பதிவு பண்ணிட்டு வந்துடுவோம். கல்யாணம்னு ஒண்ணு கிடையாது. மண்டபமும் கிடையாது.”

அவள் அம்மாவின் மகள். சொன்னால் செய்வாள். கைபிடித்து மகளை அழைத்துக்கொண்டு நடக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகப் புது அங்கி தைத்து வைத்திருந்தவன் நான். கலங்கிப்போனேன். யாரிடம் யோசனை கேட்பது? தலைவரிடம்தான்.

இருபத்தாறு வயதுக்காரனுக்கு ஏது மகள்? அதனால் என் அக்காவுக்குக் கல்யாணம், எங்கப்பா பிடிவாதம், மாப்பிள்ளையின் அம்மா அதைவிடப் பிடிவாதம் என்று எழுதினேன். தலைவர் உடனே சொன்னார், உங்கப்பாவை அசையாம உட்காரச் சொல்லு, முதல் வார்த்தையை அவர் பேசவே கூடாது, சூப் வர்றதுக்குள்ள அந்தம்மா தானா இறங்கி வந்துடுவாங்க. அதோடு, எங்க வீட்டுலயும் இதே தலைவலிதான்டா என்றார். அவருடைய தம்பிக்குக் கல்யாணமாம். பெண்ணின் அப்பா ஏதோ ரிட்டயரான பெருசாம், மண்டப விஷயத்தில் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாராம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த மாதிரிப் பெருசுங்க வெறும் வெத்துவேட்டு அண்ணே, என்று எழுதினேன். உங்கம்மாவை ஒண்ணுமே பேச வேண்டாம்னு சொல்லுங்க, முகத்தைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே இருக்கட்டும், ஆளு உருகி ஓடிடுவாரு.

தலைவர் பதில் எழுதினார்: “எங்கம்மா பள்ளிக்கூடச் சமையல்கட்டுல ஊர்ப் பிள்ளைங்க அத்தனைக்கும் சோறு போட்டவங்கடா. அதுங்க எல்லாம் வந்து நிக்க, மகன் கல்யாணத்துல ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்ல.”

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. மின்நிலையத்தை என்னை நம்பி எப்படி விட்டார்கள் என்று என் மனைவி மியோங்ஜா இன்றும் கேட்கிறாள்.

சனிக்கிழமை மதியம்தான் விளையாட்டின் முதல் கோட்டை முற்றுகையும். நேர்முகத் தேர்வு இருக்கிறது என்று நான் குழுவில் எழுதினேன். தனக்கும் ஒரு முக்கியமான வேலை என்றார் தலைவர். முடிந்தவரை மேசைக்கடியில் போனை வைத்துச் சமாளிப்போம் என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

தனியறை எடுத்திருந்தார்கள். எதிரே மாப்பிள்ளையின் அப்பா ஓக், அவர் மனைவி தாக் ஹேசுக். ஓக் நல்ல மனிதர், வந்ததிலிருந்து நண்டோடு மட்டும்தான் உறவு கொண்டாடினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வணங்கினேன். அவரும் வணங்கினார். பிறகும் சிரித்தார். நான் முதல் வார்த்தை பேசுவதில்லை என்று விரதம். அவர் சிரிப்பை நிறுத்துவதில்லை என்று விரதம். கஞ்சி வந்தது, போனது. பச்சை மீன் வந்தது. நான் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எங்கள் நாட்டில் அவரைத் தெரியாது. பனி மூடிய தபால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்படிச் சிரிக்கிறவளிடம் எந்த மனிதன் உருகுவான், ஓடத்தான் தோன்றும்.

கடைசியில் ஓக் நண்டுக்காலை இறக்கி வைத்துவிட்டு, கள்ளமில்லாமல், எங்க ஊர் மண்டபத்துல கடல் தெரியும் என்றார். மியோங்ஜா உடனே, இன்சோனிலும் கடல் இருக்கிறதே என்றாள். அவ்வளவுதான். சேரின் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். ஜின்-உவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். எனக்கு அந்தத் தலையசைப்பின் அர்த்தம் தெரியும். மாவட்ட அலுவலகம். புது அங்கி அலமாரியில் தொங்குவது கண்முன்னால் தெரிந்தது.

அப்போது என் மடியில் போன் அதிர்ந்தது. “டேய் நிலாக்குதிரை, வாசல்ல நம்ம ஆளுங்க சாகுறாங்க. மருந்து எங்கடா?”

பழக்க தோஷம். குனிந்து, போட்டுட்டேன் அண்ணே என்று தலைவருக்குத் தனிச்செய்தி தட்டினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் வெண்கல மணி அடித்தது.

தலைவர்களுக்குத் தனிச்செய்தி போனால் வெண்கல மணி அடிக்கும்படி இந்த விளையாட்டில் ஏற்பாடு. போனை மௌனமாக்கினாலும் அது மட்டும் அடங்காது. அபிப்பிராயப் பக்கத்தில் இதற்கே ஆயிரம் வசவு உண்டு. யாரோ பக்கத்து அறையில் என்று நினைத்து ஒரு புள்ளியை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். மணி. இன்னொரு புள்ளி. மணி. தாக் ஹேசுக் அம்மாளின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு, ஆணியிலிருந்து படம் விழுவது போல விழுந்தது. மெல்லக் குனிந்து எதையோ தட்டினார். என் மடி அதிர்ந்தது.

யாருடா நீ, என்று கேட்டிருந்தார்.

சம்பந்தி, என்று அடித்தேன். மணி அடித்தது.

பதில் வந்தது, அரசாங்கக் கடிதத்தின் மரியாதையோடு: ‘வணக்கம் சம்பந்தி அவர்களே. கோட்டை வாசல் திறந்துள்ளது. அருள்கூர்ந்து மருந்து இடவும்.’

நான் மருந்து போடவில்லை. என் மண்டையில் வேறொரு வரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடணும்னு ஆசை. எதிரே பார்த்தேன். இத்தனை தட்டுகள் வந்து போயும் அந்த அம்மாள் எல்லோருக்கும் எடுத்து வைத்தாரே தவிர, அவர் தட்டில் ஒரு கீரைத்தண்டு மட்டும் கிடந்தது. சேரின் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் பேசிவிட்டால் முடிந்தது.

“தோங்யோங்லயே வச்சுக்கலாம். நாங்க பஸ் பிடிச்சு வந்துடறோம்.” என் குரல்தான், வயல் தவளை மாதிரி வந்தது.

தாக் ஹேசுக் அம்மாள் மேசையில் கையை ஊன்றி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது தலைவர்.

“டேய், முதல் வார்த்தையை நீ பேசக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“தப்புதான் அண்ணே,” என்றேன்.

சம்பந்திகள் ஒருவர் முன்னால் ஒருவர் தும்மக்கூட அனுமதி கேட்கிற நாடு இது. ஓக்கின் கையிலிருந்து நண்டு தானாக நடந்து தட்டுக்குப் போனது. இதை நான் சத்தியம் செய்வேன். மியோங்ஜாவின் சாப்ஸ்டிக் காற்றில் நின்றது. மாப்பிள்ளை தன் அம்மாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான். முதலில் சிரித்தது சேரின்தான். எட்டிப் பார்த்து, என் மடியில் ஓநாய் என் குதிரையைத் தின்றுகொண்டிருப்பதைக் கண்டுவிட்டாள்.

கோட்டை அன்று விழுந்தது. வைத்தியர் சரணடைந்துகொண்டிருந்தார், தலைவர் அழுதுகொண்டிருந்தார், யார் காப்பாற்றுவது?

கல்யாணம் வெயில் இதமான ஒரு வசந்த நாளில் தோங்யோங்கில் நடந்தது. என் சகாக்கள் பேருந்தில் நோகாமல் வந்தார்கள், ஏனென்றால் வழி முழுக்கக் கருமுகில் கோட்டையில் ஓநாய் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். இறங்கும்போது அத்தனை பேரும் இருபத்தாறு வயதுக்காரர்கள். மண்டபத்தில் என் சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றிலும் அவர் சோறு போட்ட ஊர்ப் பிள்ளைகள் நிற்க, ஒரு கிண்ணம் நூடுல்ஸை ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அபிப்பிராயப் பக்கத்தில் என் பங்கை எழுதினேன். வரிசை நீளம். முகமெல்லாம் ஒன்று. ஆள் தானாக விளையாடுகிறான், நாம் சும்மா பார்க்கிறோம். வைத்தியருக்கு மதிப்பே இல்லை. அந்த வெண்கல மணியை மட்டும் யாரும் நிறுத்தவேண்டாம்.

அதற்குக் கீழே முதல் பதில் இரும்புக்கொப்பரையிடமிருந்து வந்திருந்தது. “சம்பந்தி, அபிப்பிராயம் அப்புறம் எழுதலாம். வாசல்ல மருந்து எங்கடா?”