பதிவேட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டர்

என் மகளுக்கு வாய் நீளம். அது என்னிடமிருந்து வந்ததுதான், மறுக்க மாட்டேன். போரின்போது சந்தைத் தெரு ஆட்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிப்போய்க் கல்குவாரியில் சுட்டார்கள் என்று மாணவர் கட்டுரைப் போட்டிக்கு எழுதிவிட்டாள். நடுவர்களிடமிருந்து கடிதம் வந்தது: "அன்று டிப்போவிலிருந்து பஸ் எதுவும் கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் தராவிட்டால் கட்டுரை நீக்கப்படும்."

"டிப்போவுலதானேம்மா வேலை பாக்கற? தேடு" என்றாள், ஏதோ சீப்பைத் தேடச் சொல்வதைப் போல.

பழைய பதிவேடுகள் என் பொறுப்பு. தும்மித் தும்மித் தேடினேன். அந்தத் தேதியில் 'வண்டி எடுக்கவில்லை' என்றுதான் இருந்தது. ஆனால் முந்தின நாள் மாலை வண்டியை நிறுத்தியபோது இருந்த மீட்டர் எண்ணைவிட, அந்தத் தேதிக்கு மறுநாள் காலை எடுத்தபோது இருந்த எண் இருபத்திரண்டு கிலோமீட்டர் கூடுதல். குவாரி இங்கிருந்து பதினொன்று. போக, வர.

டிரைவரின் கையெழுத்தைப் பார்த்தேன். என் அண்ணன். அன்று காய்ச்சலில் படுத்திருந்ததாக முப்பது வருஷமாகச் சொல்லிவருபவர். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷமா, ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பிறகு நகல் எடுத்துக்கொண்டு, மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் நகலைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து பெரிதாக மூச்சுவிட்டார்.

"வண்டி எடுக்கலன்னு எழுதுடான்னு துப்பாக்கிய நீட்டினாங்க. எழுதினேன். மீட்டரைப் பத்தி யாரும் வாயத் திறக்கல. மறுநாள் பழைய நம்பரையே போட்டிருக்கலாம். வேணும்னுதான் போடல. என்னைக்காவது ஒருத்தர் பாப்பாங்கன்னு இருந்தேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"பயம்தான். அது சரி, பதினாறு வருஷமா பதிவேடு உன்கிட்டதானே இருக்கு? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது. நடந்ததை அண்ணனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டி, கட்டுரையை வரிவரியாகப் படித்தார்.

"நாப்பது பேருன்னு போட்டிருக்கியேம்மா."

"அப்படித்தான் சொல்றாங்க மாமா."

"நாப்பத்தி மூணு. ஒவ்வொருத்தரா ஏறும்போது எண்ணினேன். தொழில் பழக்கம்."

மகள் பேனாவை எடுத்துத் திருத்தினாள்.