முதல் விடைக்கு மட்டுமே மதிப்பெண்

என் மகள் தாரணி படிக்கும் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பில் டி.என்.ஏ. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் டி.என்.ஏ.வை வெளியே எடுத்து, சிக்கெடுத்து, மேசையில் பரப்பித் திருத்தக் கொடுக்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். பள்ளி விடுவதற்குள் திருத்தி, உள்ளே போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அச்சு அசலாக என்னைப் போலவே இருந்தாள். என் சப்பை மூக்கு, என் உப்பிய கன்னம், என் சுருட்டை முடி. பதினேழு வயதில் நான் வைத்திருந்த அதே முகம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சிரித்தபோது தெத்துப்பல்லைக் காணோம். அது அவள் அப்பாவுடையது. அவர் போய் மூன்று வருடமாகிறது. போட்டோவில்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற மனிதர். அந்தப் பல் மிச்சமிருந்த ஒரே இடம் இவள் வாய்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடி பல்லு?"

"சார் குறுக்கே கோடு போட்டுட்டாரும்மா."

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். பயாலஜி சார் குருபாதம் நல்ல மனிதர்தான். எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்ற நோய் மட்டும் உண்டு. தாரணியுடையதை மறுபடி எடுத்து மேசையில் பரப்பினார். பாதிக்குப் பாதி சிவப்பு மை.

"பாருங்கம்மா, உங்க பொண்ணு எல்லாக் கேள்விக்கும் ரெண்டு விடை எழுதியிருக்கா. மூக்குக்கு ரெண்டு, முடிக்கு ரெண்டு, பல்லுக்கு ரெண்டு. அப்படி எழுதினா முதல் விடையைத்தான் திருத்துவோம். ரெண்டாவது செல்லாது."

"ஒண்ணு நான் குடுத்தது, இன்னொண்ணு அவங்கப்பா குடுத்தது சார்."

"யார் குடுத்தா என்னம்மா? பப்ளிக் எக்ஸாம்ல இதுதான் ரூல். வேற எந்த அம்மாவும் வந்து குறை சொல்லலையே."

சொல்லமாட்டார்கள். வகுப்பு முழுக்க அவர்கள்தான் பதினேழு வயதில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் சாயல் போய்த் தொலைந்ததே என்று பாதிப் பேர் பாயசம் வைத்திருப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான். எமனுக்குக்கூட எட்டாமல் பத்திரமாக இருந்த பல்லை இந்த மனிதர் ஒரு சிவப்புப் பேனாவால் எடுத்துவிட்டார்.

"அப்போ ரெண்டாவது விடையை எப்பத்தான் சார் திருத்துவீங்க?"

"முதல் விடையை எழுதினவங்களே கோடு போட்டு அடிச்சிருந்தா திருத்துவோம்."

"இதுல முதல் விடை யாரோடது?"

குனிந்து பார்த்தார். "உங்களோடதுதாம்மா."

அவர் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவைப் பிடுங்கினேன். என் மூக்கின் மேல் கோடு போட்டேன். கன்னத்தின் மேல், முடியின் மேல், எனக்கு ஒத்துக்கொள்ளாத கத்தரிக்காயின் மேல், ஒன்று விடாமல் போட்டேன். ஆத்திரத்தில் ஓரிடத்தில் பேனா முனை மேசையிலேயே இறங்கியது.

பக்கத்தில் நின்ற தாரணி, "அம்மா, கொஞ்சம் மிச்சம் வைம்மா" என்றாள்.

கேட்டது. கைதான் நிற்கவில்லை.

குருபாதம் சார் தன் சிவப்புக் கோடுகளை நிதானமாக அழித்துவிட்டு, இரண்டாவது விடைகளுக்கெல்லாம் டிக் போட்டார். நூற்றுக்கு நூறு. நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாசலில் சீருடையில் நல்ல உயரமாக, கூரான மூக்கோடு நின்றாள். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். தெத்துப்பல் இருந்தது.

"ஆன்ட்டி, எங்கம்மா இருக்காங்களா?"

"இப்ப வந்துருவாங்க, உள்ள வந்து உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.